உங்களுக்குத் தெரியுமா? வல்வெட்டித்துறை நிழலில் விளையும் அதிசயங்கள்!

வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் பேர்போன ஊர் நம் வல்வெட்டித்துறை. ஆனாலும் மாமரத்தடி, கிணற்றடி, கோடிப்புறம், மதிலோரம் என்று ஒவ்வொரு வளவிலும் ஒரு நிழல் மூலை இருக்கிறது. "அதில் ஒன்றும் வராது" என்று விட்டுவிட்டீர்களா? இதைப் படியுங்கள். நாளைக் காலையே மண்வெட்டியைத் தேடுவீர்கள்!

நிழல் ஓடுகிறது!

வல்வெட்டித்துறையில் ஆண்டுக்கு இரண்டு நாள் மதிலுக்கு நிழலே கிடையாது! ஏப்ரல் 15-ஐ ஒட்டி ஒரு முறை. ஓகஸ்ட் 28-ஐ ஒட்டி இன்னொரு முறை. மதியம் 12.10 அளவில் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல். முற்றத்தில் ஒரு கம்பை நேராக நட்டுப் பாருங்கள். நிழலின் நீளம் பூச்சியம்!

"வீட்டுக்கு வடக்கே எப்போதும் நிழல்." இங்கிலாந்துத் தோட்டப் புத்தகங்கள் இப்படித்தான் எழுதும். நம் ஊரில் அது செல்லாது! சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி நடு வரை நம் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கிறது. வடக்குச் சுவரோரம் வைத்த செடி ஏன் கருகியது என்று இப்போது புரிகிறதா? நாலு மாதத்துக்கு மேல் நேர் வெயில்!

ஆறடி மதில். மார்கழி நண்பகலில் அதன் நிழல் வடக்கே ஏறக்குறைய 4 அடி நீளும். ஆனியில் அதே நிழல் மதிலைத் தாண்டித் தெற்கே விழும். வெறும் ஒன்றரை அடி! நிழல் செடிக்கு இடம் பார்க்கும்போது மாதத்தையும் பாருங்கள்.

இலண்டனில் இருக்கும் உறவினருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் வீட்டு ஆறடி மதிலின் நிழல் மார்கழி நண்பகலில் எவ்வளவு நீளம் தெரியுமா? 22 அடி! ரொறன்ரோவில் 14 அடி! ஆனி மாதத்திலும் அங்கே நிழல் வடக்கேதான் விழும்.

மேற்குச் சுவரோரமும் கிழக்குச் சுவரோரமும் ஒன்றல்ல. இரண்டுக்கும் அரைநாள் நிழல்தான். ஆனால் பிற்பகல் காற்று காய்ந்து சூடேறியிருக்கும். இலையைக் கருக்குவது அந்த மேற்கு வெயில்! மெல்லிய இலைச் செடியைக் கிழக்கே வையுங்கள். காலை வெயில் அதற்கு அமிர்தம்!

வெள்ளையடித்த மதில் ஒரு விளக்கு! புதிய வெள்ளைப் பூச்சு தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். இருண்ட மூலைக்கு எதிரே உள்ள சுவருக்கு ஒருதரம் வெள்ளை அடித்துப் பாருங்கள். மின்சாரக் கட்டணம் இல்லாத வெளிச்சம்!

உங்கள் மூலை எவ்வளவு நிழல்? கருவி வேண்டாம். கை போதும்! நண்பகலில் ஒரு வெள்ளைத் தாளுக்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாக விழுந்தால் பாதி நிழல். ஒன்றுமே தெரியாவிட்டால் கடும் நிழல். ஒரு நிமிட வேலை!

ஒளிக்குள் ஒளிந்திருப்பவை

திறந்த வெளியில் நண்பகல் வெயில் ஏறக்குறைய 100,000 லக்ஸ். அடர்ந்த மழைக்காட்டின் தரைக்கு எட்டுவது அதில் வெறும் 1 முதல் 2 சதவீதம். அதிலேயே ஆயிரக்கணக்கான செடி இனங்கள் குடும்பம் நடத்துகின்றன!

வேம்பின் கீழ் தரையில் வட்ட வட்டமாக ஒளிப்பொட்டுகள் விழுகின்றனவே, அவை என்ன தெரியுமா? ஒவ்வொன்றும் சூரியனின் படம்! இலைகளின் நடுவே உள்ள சிறு இடுக்கு எந்த வடிவில் இருந்தாலும் சரி, பொட்டு வட்டமாகத்தான் விழும்!

2010 ஜனவரி 15. தைப்பொங்கலுக்கு மறுநாள். யாழ்ப்பாணத்து வானில் கங்கண சூரிய கிரகணம். அன்று மரநிழலில் விழுந்தவை பொட்டுகள் அல்ல, வளையங்கள்! 2019 டிசம்பர் 26-இல் திரும்பவும் அதே காட்சி. பத்தே ஆண்டுக்குள் இரண்டு தடவை!

காற்றில் இலை அசையும்போது கீழே ஒரு நொடி, இரண்டு நொடி வெளிச்சம் பட்டு மறையும். அந்தச் சிதறல் வெளிச்சத்தைத்தான் நிழல் செடிகள் பாய்ந்து பிடிக்கின்றன. சில காட்டுச் செடிகளின் ஒருநாள் உணவில் பாதிக்கும் மேல் இப்படிக் கிடைத்ததுதான்!

ஒரே மாமரம், இரண்டு விதமான இலை! உச்சியில் வெயில் காயும் இலை சிறியது, தடித்தது. உள்ளே நிழலில் இருக்கும் இலை அகன்றது, மெல்லியது. இரண்டையும் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வேறு வேறு மரம் என்று சத்தியம் செய்வீர்கள்!

செடிக்குக் கண் இல்லை. ஆனால் பக்கத்தில் போட்டியாள் முளைத்தால் உடனே தெரிந்துவிடும்! பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டுத் தூரச்சிவப்பு ஒளியைத் திருப்பி எறியும். அந்த விகிதம் மாறியதுமே பக்கத்துச் செடி கழுத்தை நீட்டி வளரத் தொடங்கும். நிழல் இன்னும் மேலே விழவே இல்லை, அதற்குள்!

உங்கள் செடி ஒல்லியாக, கணுவுக்குக் கணு நீண்டு, ஒருபக்கம் சாய்ந்து வளர்கிறதா? அது வளர்ச்சி அல்ல, வெளிச்சப் பசி! வாரத்துக்கு ஒருமுறை சாடியைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள். ஒரே மாதத்தில் நிமிரும்!

கிணற்றடிப் புதையல்

ரம்பை! இலங்கைச் சமையலறையின் மணமே அதுதான். அதன் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். இந்தச் செடி பூப்பதே மிக அரிது. பெண் பூவை உலகில் யாரும் இதுவரை பதிவு செய்ததே இல்லை! பக்கக் கன்றைப் பிரித்துப் பிரித்து மனிதன்தான் இதை நாடு நாடாகக் கொண்டுபோனான்.

ரம்பையின் வாசமும் பாஸ்மதி அரிசியின் வாசமும் ஒன்றே! இரண்டிலும் இருப்பது 2-அசெற்றைல்-1-பைரோலின் என்ற ஒரே வேதிப்பொருள். கிணற்றடி நிழலில் ஒரு கன்று நட்டால் போதும். சாதாரணச் சோற்றுக்கும் பாஸ்மதி மணம் வரும்!

வல்லாரைச் சம்பல் சாப்பிடுகிறீர்களே, அதே வல்லாரைதான் உலகச் சந்தையில் விலை உயர்ந்த முகப்பூச்சுகளிலும் இருக்கிறது! 'சிக்கா' என்று பெயர் போட்டு விற்பது அதன் சாற்றைத்தான். ஈரமும் அரைநிழலும் கிடைத்தால் கணுவுக்குக் கணு வேர் விட்டு ஓடும். குளிக்கிற தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரம் ஒரு பிடி நடுங்கள். அடுத்த மாரிக்குள் பாய் விரித்துவிடும்!

கரணைக்கிழங்குக்கு எத்தனை இலை? ஒன்றே ஒன்று! தண்டு போல நிற்பதும், மேலே குடையாக விரிவதும் எல்லாம் சேர்த்து ஒரே இலை. ஒரு பருவத்துக்கு ஓர் இலை. வாழைக்குக் கீழே நட்டால் சண்டையே இல்லாமல் வளரும்!

கரணையின் பூ அழுகிய இறைச்சி போல நாறும். ஈயையும் வண்டையும் ஏமாற்றி அழைக்கும் தந்திரம் அது! அதன் சுமாத்திரா உறவான ராட்சத இனம் 2010-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயரில் எழுப்பிய பூங்கொத்தின் உயரம் 3.1 மீற்றர். உலக சாதனை!

கரணையும் சேம்பும் நாக்கில் ஏன் நமைக்கின்றன? உள்ளே கல்சியம் ஒக்சலேட் ஊசிகள்! கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் ஊசிகள். நம் வீடுகளில் பழப்புளி விட்டு நன்றாக அவிப்பது வெறும் ருசிக்காக அல்ல!

சேம்பு இலையில் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு ஓடும். இலைமேல் மெழுகு பூசிய நுண்ணிய மேடுகள்! தண்ணீர் ஓடும்போது தூசியையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டு போகும். நிழலில் தானே குளித்துக்கொள்ளும் இலை!

மஞ்சளுக்கு 63 நிறமூர்த்தங்கள். மூன்று தொகுதிகள் என்பதால் அது விதையை நம்புவதில்லை! நாம் நடும் ஒவ்வொரு துண்டும் பழைய கிழங்கின் நேரடித் தொடர்ச்சி. அரைநிழலில் நட்டால் 8 முதல் 9 மாதத்தில் அகழலாம்.

2019 இறுதியில் இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. அடுத்த சில மாதங்களில் ஒரு கிலோ மஞ்சள் ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போனது. பாக்கு நீரிணை வழியே படகுகளில் மஞ்சள் கடத்தினார்கள்! தங்கம் அல்ல, மஞ்சள்! கோடிப்புற நிழலில் நாலு பாத்தி வைத்திருந்தவர்களுக்கு அன்று இருந்த மதிப்பைக் கேட்க வேண்டுமா?

மஞ்சளின் நிறப்பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்த ஆண்டு 1815. இருநூறு ஆண்டு தாண்டியும் ஆய்வுகள் நின்றபாடில்லை!

வெற்றிலைக் கொடி வெயிலைக் கண்டால் சுருங்கும். முருங்கையிலோ அகத்தியிலோ படரவிட்டால் பொங்கும்! தமிழ்நாட்டில் ஆத்தூர், சோழவந்தான், கும்பகோணம் என மூன்று ஊர் வெற்றிலைகளுக்குப் புவிசார் குறியீடு. நிழலில் வளரும் ஓர் இலைக்கு மூன்று முத்திரை!

இலங்கை வெற்றிலைக்குக் கடல் கடந்த பெரிய வாடிக்கையாளர் யார் தெரியுமா? பாகிஸ்தான்!

மிளகும் நிழல் கொடிதான். கி.பி. 408. ரோம் நகரை முற்றுகையிட்ட அலரிக் கேட்ட பணயப் பட்டியலில் பொன், வெள்ளி, பட்டு, அப்புறம் மிளகு. எவ்வளவு மிளகு? 3,000 இறாத்தல்! உங்கள் பலாமரத்தில் ஏறக் காத்திருக்கும் கொடி அது. கறுத்த மிளகு, வெள்ளை மிளகு, பச்சை மிளகு மூன்றும் அந்த ஒரே கொடியில் இருந்துதான்!

வனிலா ஓர் ஓர்க்கிட்! பாதி நிழலில் மரத்தைப் பிடித்து ஏறும். அதன் பூவை எளிதாகக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் வழியை 1841-இல் ரியூனியன் தீவில் கண்டுபிடித்தவர் எட்மண்ட் அல்பியஸ். அடிமையாக வைக்கப்பட்டிருந்த சிறுவன். வயது 12! இன்றும் உலகம் பின்பற்றுவது அவன் காட்டிய வழிதான்.

இருமல் மருந்துப் போத்தலில் 'புரோம்ஹெக்சின்' என்று எழுதியிருக்கும். அது எதைப் பார்த்துச் செய்தது? ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளைப் பார்த்து! வேலியோர அரைநிழலில் வளர்வதற்கு அது கேட்பது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஆடும் வாய் வைக்காது!

தடிமனுக்குக் கற்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழிகிறோம். கரீபியன் தீவுகளில் அதே இலையை இறைச்சிக்கும் மீனுக்கும் வாசத்துக்குப் போடுகிறார்கள்! காலையில் கொஞ்சம் வெயில், பிறகு நிழல். ஒரு துண்டுத் தண்டைக் குத்திவிட்டால் அது பிழைத்துவிடும்!

கமுகு உயரமாக வெயிலில் நிற்கிறதே என்று கன்றையும் வெயிலில் நட்டுவிடாதீர்கள். குழந்தைப் பருவத்தில் அது நிழல் செடி! வாழையின் அணைப்பில் நடுங்கள். தலை தூக்கிய பிறகு வெயிலை அது பார்த்துக்கொள்ளும்!

வேலியே நிழல் தரும்!

கதியால் வெட்டி நட்டால் மரமாகும்! கிளுவை, பூவரசு, முள்முருங்கை, சீமைக்கிளுவை எல்லாம் இந்த வித்தை தெரிந்தவை. வெறும் தடியை நட்டு நிழல் வாங்கும் ஊர் நம் ஊர்!

வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையை இலேசாக எண்ணாதீர்கள். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்து நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று 2005-இல் இலங்கை அரசு அறிவித்தது இதைத்தான்! நிழலும் தரும், இலையும் பசளையாகும்.

பூவரசம்பூ காலையில் மஞ்சள், மாலையில் சிவப்பு! ஒரே நாளில் நிறம் மாறும். உப்புக்காற்றைத் தாங்கும். அதன் காய்கள் கடலில் மிதந்து போய் வேறு கரையில் முளைக்கும். வல்வெட்டித்துறைக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான நிழல் மரம் ஏது!

முருங்கை நிழல் சல்லடை நிழல்! சின்னச் சின்ன இலை. வெளிச்சம் வடிந்து இறங்கும். கீழே மஞ்சள், இஞ்சி, வல்லாரை எதை வைத்தாலும் மகிழும். புளிய மரத்தின் கீழே அந்தக் கதை நடக்காது. புளியின் இலையிலும் வேரிலும் பிற செடிகளின் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புளியடிக்கு ஒரே வழி, சாடி!

உலகின் மிக அகன்ற ஒற்றை மர நிழல் ஆந்திராவில்! திம்மம்மா மர்ரிமானு என்ற ஆலமரம். ஒரே மரம், ஏறக்குறைய ஐந்து ஏக்கர் நிழல்! 1989-இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

நிழல் வலைக்குப் பணம் போடுமுன் கிடுகைப் பாருங்கள். நெருக்கிக் கட்டினால் கடும் நிழல். இடைவெளி விட்டுக் கட்டினால் பாதி நிழல். மக்கினால் பசளை. வலை மக்குமா?

கடல் கடந்து வந்த அழகுகள்

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைத் தொட்டது. நம் கப்பல் அமெரிக்காவுக்குப் போனது. அமெரிக்கக் கண்டங்களின் காட்டுச் செடிகள் நம் விறாந்தைக்கு வந்தன! அந்தூரியம், கலேடியம், டிஃபன்பாக்கியா, மொன்ஸ்டெரா நான்கும் அந்தப் பக்கத்துப் பிறப்பு.

மணி பிளாண்ட் பிறந்தது பசிபிக் கடலில், தாகித்திக்குப் பக்கத்தில் உள்ள மோரியா என்ற குட்டித் தீவில்! இன்று அது இல்லாத நாடு இல்லை.

மணி பிளாண்ட் பூத்துப் பார்த்தவர் உண்டா? இயல்பாகப் பூத்ததாகப் பதிவான கடைசி ஆண்டு 1964! பூக்கத் தூண்டும் ஜிபரெலின் என்ற வளர்ச்சிப்பொருளை உண்டாக்கும் மரபணு அதில் வேலை செய்வதில்லை என்று 2016-இல் கண்டுபிடித்தார்கள்.

மணி பிளாண்டைத் தொங்கவிட்டால் இலை சிறுக்கும். மரத்தில் ஏறவிட்டால் பெருக்கும்! எவ்வளவு பெருக்கும்? ஒரு மீற்றர் நீளம் வரை! உங்கள் தென்னையில் ஒன்றை ஏற்றிவிட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டார் பெயர் கேட்டு வருவார்கள்!

பெரும்பாலான செடிகள் வெளிச்சத்தை நோக்கி வளரும். ஆனால் இருட்டை நோக்கி ஓடும் ஒன்றும் உண்டு! மொன்ஸ்டெராவின் நாற்று. அடர்ந்த இருட்டு எங்கே, அங்கேதான் பெரிய மரம். மரத்தைத் தொட்டதும் திரும்பி வெளிச்சத்துக்கு ஏறும். 1975-இல் வெளியான கண்டுபிடிப்பு!

அந்தூரியத்தின் சிவப்பு 'பூ' பூவே அல்ல. அது ஓர் இலை! நடுவில் நிற்கும் குச்சியில் ஒட்டியிருக்கும் நுண்ணிய புள்ளிகள்தான் உண்மையான பூக்கள். ஒரே குச்சியில் நூற்றுக்கணக்கில்!

கடுபுல் பூ இரவில் மலர்ந்து விடியுமுன் வாடும். அது ஒரு கள்ளி! ஆம், நிழல் விரும்பும் கள்ளி. பிறந்த இடம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும். இலை போலத் தட்டையாக இருப்பவை எல்லாம் தண்டுகள்!

எங்கோ இருந்து வந்தவை மட்டுமா? மருள் நம் மண்ணின் சொந்தம்! இலங்கையும் இந்தியாவும் அதன் தாய்நிலம். அதன் நாரில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். நர்சரிகளில் 'ஸ்நேக் பிளாண்ட்' என்று விலைபோவது அதன் ஆப்பிரிக்க உறவு!

மருள் இனம் பகலில் மூச்சை அடக்கும். இரவில்தான் இலைத்துளைகளைத் திறக்கும். தண்ணீரை மிச்சம் பிடிக்கும் வித்தை! இரண்டு வாரம் ஊரில் இல்லாவிட்டாலும் கவலையில்லை.

இசட்இசட் செடியின் ஒரு சிற்றிலையைக் கிள்ளி மண்ணில் குத்துங்கள். பொறுமையாக இருந்தால் முழுச் செடி! இலையில் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர். அடியில் கிழங்கிலும் தண்ணீர்ச் சேமிப்பு.

நிழலில் பூவே வராது என்றது யார்? நந்தியாவட்டை இருக்கிறது! அரைநிழலிலும் வெள்ளை வெளேரென்று பூக்கும். சாமிக்கும் ஆகும். பவளமல்லியும் அரைநிழலைப் பொறுக்கும். இரவில் பூத்து, விடியலில் தரையை நிறைத்துவிடும்!

வெசாக் ஓர்க்கிட் உலகில் ஒரே ஒரு நாட்டின் காட்டில்தான் தானாக வளர்கிறது. இலங்கை! நிழல் மரங்களில் தொற்றிக்கொண்டு வெசாக் காலத்தில் பூக்கும்.

குரோட்டனின் சிவப்பும் மஞ்சளும் வெயில் தரும் பரிசு. கடும் நிழலில் வைத்தால் பச்சையாகிவிடும்! இருண்ட மூலைக்கு நிறம் வேண்டுமா? அக்லோனிமா வையுங்கள்!

விஞ்ஞானிகளை வியக்க வைத்தவை

நீல இலை! மலேசிய மழைக்காட்டில் ஒரு பெகோனியா மயில் நீலத்தில் மின்னுகிறது. இலைக்குள் பச்சையத் தட்டுகள் அடுக்கடுக்காக நின்று, மங்கிய வெளிச்சத்தை இன்னும் நன்றாகப் பிடிக்கின்றன. 2016-இல் வெளிவந்த செய்தி. இலாபம் 5 முதல் 10 சதவீதம்!

பேர்ன்கள் பூச்செடிகளை விடப் பழையவை. ஆனால் இன்றைய பேர்ன் இனங்களில் பெரும்பாலானவை பூமரங்கள் வந்த பிறகு, அவற்றின் நிழலில் பெருகியவை! 2004-இல் வெளிவந்த ஆய்வு சொன்னது இது. அந்த மங்கலில் பிழைக்க உதவிய ஒளி உணரும் மரபணு பேர்னுக்கு எங்கிருந்து வந்தது? கொம்புப்பாசி என்ற வேறொரு குலத்திடமிருந்து! 2014-இல் கண்டுபிடித்தார்கள்.

1829-இல் இலண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட் ஒரு கூட்டுப்புழுவை மூடிய போத்தலில் வைத்தார். உள்ளே இருந்த மண்ணில் ஒரு பேர்ன் தானே முளைத்தது! அதிலிருந்து பிறந்தது கண்ணாடிச் செடிப்பெட்டி. 1833-இல் அந்தப் பெட்டியில் வைத்துக் கப்பலேற்றிய செடிகள் உயிரோடு சிட்னி போய்ச் சேர்ந்தன!

1747-இல் இலங்கைச் செடிகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார் லின்னேயஸ். அவர் இலங்கைக்கு எத்தனை முறை வந்தார்? ஒரு முறைகூட இல்லை!

"ஒரு செடி வைத்தால் அறைக் காற்று சுத்தமாகும்" என்று விற்பார்கள். 2019-இல் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீற்றருக்குத் தேவையான செடிகள் 10 முதல் 1,000 வரை! செடியை அழகுக்கு வையுங்கள். காற்றுக்குச் சன்னலைத் திறவுங்கள்!

கவனம்! கவனம்!

டிஃபன்பாக்கியாவின் தண்டைக் கடித்தால் நாக்கும் தொண்டையும் வீங்கிப் பேச்சே வராது! காரணம் கரணையில் உள்ள அதே ஊசிகள். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் அதை உயரத்தில் வையுங்கள்.

நிழல் செடிகளைக் கொல்வது வெயில் அல்ல, வாளி! நிழலில் மண் மெதுவாகத்தான் காயும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் வாளியைக் கீழே வையுங்கள்!

நம் குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரிலும் அதே சுண்ணாம்பு! அந்தூரியம், பேர்ன், எக்ஸோரா இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதா? மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்கு எட்டவில்லை. மாரி மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்!

தேங்காய்ப் பொச்சை எறியாதீர்கள்! அதன் தும்புத்தூள் தன் எடையைப் போல எட்டு மடங்கு தண்ணீரை இழுத்து வைக்கும். ஓர்க்கிட்டுக்கும் அந்தூரியத்துக்கும் பொச்சுத் துண்டு ஒன்றே மெத்தை!

தைப்பொங்கலில் பட்டம் ஏற்றும் அந்த வாடைக்காற்று உப்பையும் சுமந்து வரும். கடலுக்கு முதுகு காட்டும் சுவர்ப்பக்கம்தான் மெல்லிய இலைக்குப் பாதுகாப்பு. காற்று அடங்கியதும் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். ஐந்தே நிமிடம்!

சாடிக்குக் கீழே தட்டு வைத்திருக்கிறீர்களா? டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க 7 முதல் 10 நாள் போதும். காய்ந்த தட்டில் அதன் முட்டை எட்டு மாதம் வரை உயிரோடு கிடக்கும்! வாரம் ஒருமுறை கவிழ்த்தால் மட்டும் போதாது. தேய்த்துக் கழுவுங்கள்!

நிழலும் ஈரமும் கண்டால் ஆப்பிரிக்க ராட்சத நத்தை வந்துவிடும். ஒவ்வொரு நத்தையும் ஆணும்தான், பெண்ணும்தான்! ஆண்டுக்கு 1,200 முட்டை வரை. இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குங்கள், கையில் உறை போட்டுக்கொண்டு!

கடைசியாக இரண்டு சாதனைகள்!

உலகின் மிகப் பழைய சாடிச் செடிக்கு வயது 250-க்கும் மேல்! இலண்டன் கியூ தோட்டத்தில் இருக்கும் சைக்கட் வகைச் செடி அது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஆண்டு 1775. இன்றும் சாடியில்தான் வாழ்கிறது. எடை ஒரு தொன்னுக்கு மேல்!

பகாமாஸ் கடலில் 268 மீற்றர் ஆழத்தில் ஒரு சிவப்புப் பாசி உயிர் வாழ்கிறது. மேலே விழும் வெளிச்சத்தில் அதற்குக் கிடைப்பது 0.0005 சதவீதம்! அதை வைத்தே உணவு சமைக்கிறது. உங்கள் கோடிப்புறம் மழைக்காட்டுத் தரை அளவுக்கு இருண்டது என்றே வைத்துக்கொள்வோம். அங்கே விழும் வெளிச்சம் அந்தப் பாசிக்குக் கிடைப்பதைப் போல 2,000 மடங்கு! இனி எந்த மூலையையும் "ஒன்றும் வராது" என்று சொல்லாதீர்கள். ரம்பைக் கன்று ஒன்று, மஞ்சள் துண்டு நாலு, வல்லாரை ஒரு பிடி. இன்றைக்கே நடுங்கள்!